மச்சான் கேட்கும் தவணை

அன்புள்ள ஆசிரியருக்கு,

குமுளியில் சிறு கடை வைத்திருக்கிறேன். வண்டன்மேட்டில் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) ஏலக்காய்த் தோட்டம் எடுத்த என் மச்சானுக்கு வட்டியில்லாமல் இரண்டு லட்சம் கைமாற்றாகக் கொடுத்தேன். ஒரு வருடத்தில் தருவதாகச் சொன்னவர் மூன்று வருடமாக இழுத்தடிக்கிறார். கேட்டால், கஷ்டப்படுகிறவனுக்குத் தவணை கொடுக்கும்படி குர்ஆனே சொல்கிறது என்கிறார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஜமாஅத்தார் முன்னால் கேட்டுவிடலாமா?

வாசகர், குமுளி

அன்புள்ள சகோதரருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் மச்சான் சொல்வது அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம். கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கவும், விட்டுக்கொடுத்தால் அது இன்னும் நல்லது என்றும் அது சொல்கிறது. 'இருந்தால்' என்ற நிபந்தனையை மட்டும் அவர் விழுங்கிவிட்டார். வசதியுள்ளவர் இழுத்தடிப்பது அநியாயம் என்ற நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரண்டு நபிமொழித் தொகுப்புகளிலும் இருக்கிறது.

ஆகவே, அவர் கையில் பணம் உண்டா என்பதே முதல் கேள்வி. ஏலக்காய் விவசாயத்தில் அதை வெளியிலிருந்து கணக்கிட முடியாது. 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட காய், இரண்டே ஆண்டில் ஆயிரத்தை ஒட்டி இறங்கியது. காய் உலர்த்தும் ஸ்டோரில் காய்ந்த காயைத் தரகர் உள்ளங்கையில் உருட்டும்போது பாட்டக்காரரின் முகம் போகிற போக்கைக் கம்பத்துக்காரனான நான் பார்த்திருக்கிறேன். வரும் பணத்தில் பறிப்புக் கூலி, பூச்சிமருந்துக்கடைப் பாக்கி, பாட்டத்தொகை எல்லாம் போன பிறகுதான் கைமாற்றுக்காரரின் முறை வரும். அதே வேளையில், மூன்று வருடமும் நஷ்டம்தான் என்று ஒருவர் சொன்னால் விற்பனைச் சீட்டைக் காட்டச் சொல்வதில் தவறே இல்லை.

பள்ளிவாசலில் கேட்பதைப் பற்றி. நபித்தோழர் கஅப் இப்னு மாலிக், தமக்குக் கடன்பட்டிருந்த இப்னு அபீ ஹத்ரதிடம் பள்ளிவாசலிலேயே பாக்கியைக் கேட்க, இருவர் குரலும் உயர்ந்தது. நபியவர்கள் தம் அறையின் திரையை விலக்கி, பாதியைத் தள்ளிவிடும்படி கஅபுக்குச் சைகை காட்டினார்கள். அவர் ஒப்புக்கொண்டதும் கடன்பட்டவரிடம், "எழுந்து கொடுத்துவிடு" என்றார்கள். தள்ளுபடியை மட்டும் எடுத்துச் சொல்லி, இந்தக் கடைசி வார்த்தையை விட்டுவிடுகிறவர்கள் நம்மில் அதிகம். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால், கஷ்டம் மெய்யா என்று தெரியுமுன் ஊர் கூடிய இடத்தில் அவரை நிறுத்துவதை நான் ஏற்க மாட்டேன். இரண்டு பெரியவர்களை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போங்கள். பாதியை விடுவது உங்கள் விருப்பம், கட்டாயமல்ல.

உங்கள் கடிதத்தில் புரோநோட்டு பற்றிப் பேச்சே இல்லை. தவணைக் கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் 282ஆம் வசனம், மச்சான் காட்டும் வசனத்துக்கு இரண்டே வசனம் தள்ளித்தான் இருக்கிறது. இப்போதாவது தேதி போட்டு, சாட்சிகளோடு எழுதுங்கள். வாசகத்தை மச்சானே சொல்லட்டும். கடன்பட்டவர் சொல்ல எழுத்தர் எழுதுவதுதான் அந்த வசனம் சொல்லும் முறை.