பதில்: கல்லீரலுக்குப் பரவிய புற்றுநோயும் ‘நல்ல பாக்டீரியா’ மாத்திரையும்

வணக்கம். பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவியுள்ள உங்கள் அம்மாவுக்கு, கீமோதெரபியை நிறுத்திவிட்டு, பாக்டீரியா புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை நம்பி, ‘நல்ல பாக்டீரியா’ மாத்திரைகளைக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

அச்செய்தி முழுப் பொய்யன்று. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல், ஈ.கோலை நிஸ்ல் என்னும் குடல் பாக்டீரியா புற்றணுக்களில் ஒட்டிக்கொண்டு, புரோக்கோலியில் உள்ள ஒரு பொருளைப் புற்றெதிர்ப்புப் பொருளாக மாற்றும்படி அதன் மரபணுவைத் திருத்தினர். ஆனால் பலன் தெரிந்தது எலிகளில்தான். பரவிய புற்றுநோய் உள்ள 25 பேருக்கு, அவர்களுள் ஒருவர் நீங்கலாக மற்றவர்கள் மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் உள்ளவர்கள், சால்மோனெல்லா என்னும் வேறொரு பாக்டீரியாவை வலுவிழக்கச் செய்து இரத்தக் குழாயில் செலுத்திப் பார்த்த ஆய்வு 2002இல் வெளிவந்தது, மூவரின் கட்டிகளில் மட்டுமே கிருமி குடியேறியது, எவருடைய கட்டியும் சுருங்கவில்லை.

கடையில் விற்கும் மாத்திரை இவற்றுள் எதுவுமன்று. கீமோவால், தொற்றை எதிர்க்கும் இரத்த வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது, சாதாரண ‘நல்ல’ பாக்டீரியாவே இரத்தத்தில் கலந்து தொற்றாகலாம். அந்தப் புட்டியையே அடுத்த சந்திப்புக்கு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள். ஏற்கெனவே கொடுத்திருந்து, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், விடியட்டும் என்று காத்திராமல் அவசரப் பிரிவுக்குச் சென்றுவிடுங்கள்.