வாசகர் கேள்வி: பாட்டுக்கு மட்டும்தானா?

கேள்வி: சினாட்ரா, பிங் கிராஸ்பி போன்ற பாடகர்கள் பழைய ஹாலிவுட் இசைப் படங்களில் உண்மையிலேயே நடித்தார்களா, இல்லை பாட்டுக்காக மட்டும் சேர்த்துக்கொண்டார்களா?
- வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: நடித்தார்கள், சந்தேகமே வேண்டாம். கிராஸ்பி வானொலியிலும் இசைத்தட்டிலும் பெயரெடுத்தவர்தான், ஆனால் 1944இல் 'கோயிங் மை வே' படத்தில் பாதிரியாராக வந்து சிறந்த நடிகருக்கான ஆஸ்காரையே வாங்கிவிட்டார். சினாட்ரா விஷயம் எனக்கு இன்னும் பிடிக்கும். ஆடிப் பழக்கமில்லாத அந்த ஒல்லி மனிதரை 'ஆங்கர்ஸ் அவே' (1945) படத்துக்காக அதில் கூட நடித்த ஆட்டக்காரர் ஜீன் கெல்லி விடாமல் பழக்கியெடுத்தார். கதையில் இருவரும் விடுப்பில் வந்த கடற்படைக்காரர்கள், வரிசையாகக் கிடக்கும் கட்டில்கள்மேல் ஏறித் தாவி ஆடும் இடத்தில் சினாட்ராவின் கால்களை மட்டும் பாருங்கள், எவ்வளவு உழைத்திருக்கிறார் என்று தெரியும். அந்த நாட்களில் நம்முடைய துறைமுகமும் கடற்படைக்காரரால் நிறைந்திருந்தது, அதனாலோ என்னவோ அந்தப் படம் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே ஒட்டும்.

அப்புறம் டோரிஸ் டே. இசைக்குழுவில் பாடிக்கொண்டிருந்தவர், 'கலாமிட்டி ஜேன்' (1953) படத்தில் துப்பாக்கியும் கையுமாகக் கலக்குகிறார். இதற்கு நேர்மாறாக, 'மை ஃபேர் லேடி'யில் (1964) நடிகை ஆட்ரி ஹெப்பர்னின் பாட்டுகளுக்குப் பெரும்பாலும் பாடகி மார்னி நிக்ஸன்தான் குரல் கொடுத்தார். நல்ல படம்தான், ஆனாலும் நம் பாகவதரையும் கே. பி. சுந்தராம்பாளையும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு முகமும் குரலும் ஒருவருடையதாக இருந்தால்தான் மனம் நிறையும்.

முதலில் 'ஹை சொசைட்டி' (1956) பாருங்கள். கிராஸ்பியும் சினாட்ராவும் கையில் மதுக்கிண்ணத்தோடு மாறி மாறிப் பாடுவது அதில்தான்.