ஐடியை விற்றவனே திருப்பி எடுத்துக்கொண்டான்: வழக்கா, சமரசமா?

கேள்வி: கடலூர் புதுப்பாளையத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஆன்லைன் மெய்நிகர் உலகம் ஒன்றில், புதுச்சேரி லாஸ்பேட்டைத் தம்பி ஒருவனின் ஐடியை (பயனர் கணக்கை) ரூ.1,40,000 கொடுத்து வாங்கினேன். அதில் நிலமும் ஆறு கடைகளும் இருந்தன. அவதாரங்களுக்கு (அங்கே உலவும் பயனர் உருவங்களுக்கு) பட்டுப்புடவை, நகை விற்கும் கடைகளாக மாற்றி வாடகைக்கு விட்டேன். ஐந்தாவது மாதம் பழைய மெயில் வழியாகப் பாஸ்வேர்டை மாற்றி, ஐடியை அவனே எடுத்துக்கொண்டான். “அண்ணே, அண்ணே” என்று என் வீட்டில் சாப்பிட்டவன் இப்போது குரூப்பில் என்னைக் கேலி செய்கிறான். திருட்டு வழக்கும் மன உளைச்சலுக்கு நஷ்டஈடும் வேண்டும். என் பழைய டேப்பில் (டேப்லெட்டில்) அந்த ஐடி இன்னும் லாகினில் இருக்கிறது. உள்ளே போய் மீட்டுவிடலாம் என்கிறான் என் மச்சான். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். அந்த டேப்பை இப்போதே அணைத்து பீரோவில் வையுங்கள். மச்சான் கையில் கொடுக்க வேண்டாம்.

உங்கள் வீட்டில் சாப்பிட்டதையும் குரூப்பில் கேலி செய்ததையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்காது. மன உளைச்சலுக்கு ஒரு தொகையை மனுவில் எழுதலாம், கைக்கு வராது. உங்கள் வழக்கு ஒரே கேள்வியில் நிற்கிறது: பணம் வாங்குவதற்கு முன், அந்த மெயிலைப் பற்றி அவன் என்ன சொன்னான்?

“மெயிலும் சேர்த்துத்தான் தருகிறேன்” என்று வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டுத் தன்னிடமே வைத்துக்கொண்டான் என்றால், தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று வாதாட இடம் உண்டு. புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் மோசடிப் பிரிவு 318 அப்போதுதான் நிற்கும். மெயில் பேச்சே எழவில்லை என்றால் இது வெறும் பணத் தகராறு, சிவில் கோர்ட் விவகாரம். ஆகவே அந்த உரையாடல் இருக்கும் போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் பிரிவு 63-இன்படி, மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கொடுக்க அந்தப் போன் வேண்டும். தனியாக எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் உடைத்துவிடும்.

திருட்டு வழக்கு பற்றி. பழைய இ.பி.கோ.வில் அசையும் சொத்து என்றால் தொட்டுணரக்கூடிய பொருள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நியாய சன்ஹிதா அந்த வரம்பை எடுத்துவிட்டது. எனவே வாதத்துக்கு இடம் இருக்கிறது. நெதர்லாந்து உச்ச நீதிமன்றமும் ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் விளையாட்டின் மெய்நிகர் பொருட்களை அபகரித்தது திருட்டுதான் என்று 2012-இல் தீர்ப்பளித்தது. ஆனால் அங்கே ஒரு சிறுவனை அடித்து உதைத்து, கத்தியைக் காட்டிப் பறித்திருந்தார்கள். உங்கள் விஷயத்தில் ஐடி முதலில் யாருடையது என்பதே கேள்வி. புதிய சட்டப் பிரிவுக்கு முதல் சோதனை வழக்காக நீங்கள் போக வேண்டாம்.

இனி அந்த டேப். நல்ல வழக்கை வைத்துக்கொண்டு புகார்தாரராகக் காவல் நிலையம் போனவர்கள், சில வாரங்களில் குற்றம் சாட்டப்பட்டவராக நின்றதை நான் பார்த்திருக்கிறேன். எல்லாம் இப்படி உள்ளே போய் “மீட்டதால்” வந்த வினை. நிறுவனத்தின் பதிவில் ஐடி இன்றைக்கும் அவன் பெயரில்தான் இருக்கிறது. மச்சான் உள்ளே நுழைந்து கடைகளை வேறு ஐடிக்கு மாற்றினால், எந்த ஐபி முகவரியிலிருந்து, எத்தனை மணிக்கு என்பது சர்வரில் பதிவாகும். மறுநாளே அவன் புதுச்சேரி சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுப்பான்: அனுமதியின்றி நுழைந்ததற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66, கூடவே பிறர் பாஸ்வேர்டைப் பயன்படுத்தியதற்கு 66சி. மூன்று ஆண்டு வரை சிறைக்கு வழியுள்ள பிரிவுகள். “காசு கொடுத்து வாங்கியது சார்” என்பீர்கள். ஐடியை விற்கவே கூடாது என்பது பெரும்பாலான நிறுவனங்களின் நிபந்தனை. உங்களிடம் இருந்தது அவனுக்கு எதிரான உரிமைதானே தவிர, அந்த சர்வரில் நுழையும் உரிமை அல்ல. மச்சானும் சேர்ந்தே மாட்டுவார்.

இதே காரணத்தால், நிறுவனத்துக்கு “நான் வாங்கிய ஐடியைத் திருப்பித் தாருங்கள்” என்று மெயில் போடாதீர்கள். ஐடி விற்பனையை நீங்களே எழுத்தில் ஒப்புக்கொண்டதாகும். ஐடியை முடக்கிவிட்டால் இருவருக்கும் இல்லை. செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகில் நிலம் வாங்கிய மார்க் பிராக் என்ற அமெரிக்க வழக்கறிஞரின் கணக்கு முடக்கப்பட்டது. அவர் வழக்குப் போட்டார். கோர்ட்டுக்கு வராமல் நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போ என்ற நிறுவனத்தின் நிபந்தனை நியாயமற்றது என 2007-இல் நீதிபதி அவர் பக்கம் நின்றார். அப்படி ஒரு சுற்று ஜெயித்த பிறகும் அவர் வெளியில் பேசித்தான் முடித்தார்.

குரூப்பில் இனி ஒரு வரி போடாதீர்கள். “பணம் வரலேன்னா உள்ளே தள்ளிடுவேன்” என்று அவனுக்கும் அனுப்பாதீர்கள். மிரட்டிப் பணம் பறிக்கிறார் என்று அதையே காட்டுவான். வாடகை இழப்பை மனுவில் எழுதுவதற்கு முன், வாங்கிய வாடகையை வருமான வரிக் கணக்கில் காட்டினீர்களா என்று பாருங்கள். குறுக்கு விசாரணையில் கேட்பார்கள்.

பணம் கடலூரிலிருந்து போனதால் வழக்கை இங்கேயே போடலாம். ஆனால் புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டினால் வேறு போலீஸ், டிகிரியை (கோர்ட் தீர்ப்பாணையை) நிறைவேற்றவும் அங்கேதான் போக வேண்டும். ரூ.1,40,000-க்காக ஆண்டுக்கணக்கில் வாய்தாவுக்கு அலைவீர்கள், அதுவரை ஸ்டுடியோவை யார் பார்ப்பது?

எனவே சமரசத்துக்குப் போங்கள். ஐடியைக் கேட்காதீர்கள், பணத்தைக் கேளுங்கள். நான்கைந்து மாதம் வாடகை எடுத்திருக்கிறீர்கள். முழுத் தொகையில் பிடிவாதம் வேண்டாம், ஒரு லட்சம் வந்தால் முடித்துக்கொள்ளுங்கள். வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுங்கள். அங்கே லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) கிடைக்கும் தீர்வு டிகிரிக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. இதையெல்லாம் எஃப்.ஐ.ஆருக்கு முன்பே செய்யுங்கள். எஃப்.ஐ.ஆர் பதிவான பிறகு நீங்கள் இருவரும் ராசியானாலும், கோர்ட் அனுமதியோ சென்னை உயர் நீதிமன்றத்தில் ரத்து மனுவோ இல்லாமல் அது முடியாது.

சமரசப் பத்திரத்தில் இரண்டு வரிகள் கட்டாயம் வேண்டும்: ஐடியின் மீது உங்களுக்கு இனி உரிமை இல்லை; இதுவரை நீங்கள் அதைப் பயன்படுத்தியது அவன் சம்மதத்தோடுதான். இரண்டாவது வரியை அவன் தவிர்க்கப் பார்ப்பான், விடாதீர்கள். தொகை முழுவதும் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.