சிவப்பு வயரை நம்ப வேண்டாம்

கேள்வி: ஐயா, என் அப்பா 1990-கள் வரை ஸ்டூடியோ நடத்தினார். ஃபிலிமிலுள்ள படத்தை விளக்கொளியில் பெரிதாக்கித் தாளில் விழச் செய்யும் அவருடைய ஜெர்மன் என்லார்ஜரைப் பரணிலிருந்து இறக்கியிருக்கிறோம். முழுக்க இரும்பு. துணி சுற்றிய வயர், பிளக் வெடித்திருக்கிறது. கழற்றிப் பார்த்தால் உள்ளே சிவப்பு, கறுப்பு, சாம்பல் என்று மூன்று வயர்கள். சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், மிச்சமுள்ள சாம்பல் எர்த் என்று வைத்துக்கொண்டு புதிய பிளக்கை மாட்டிவிடலாமா?
– வாசகி, திருவல்லிக்கேணி

பதில்: மாட்டிவிடாதீர்கள், அம்மா. மாட்டுவதற்கு முன்பே எழுதிக் கேட்டீர்களே, அதற்கு உங்களுக்கு நன்றி.

ஜெர்மனியில் 1960-களின் நடுப்பகுதி வரை சிவப்புதான் எர்த் வயரின் நிறம். கறுப்பு ஃபேஸ், சாம்பல் நியூட்ரல். நீங்கள் நினைத்தபடி மாட்டினால், சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் நேராக அந்த இரும்பு உடம்பில் ஏறி நிற்கும். விளக்கும் எரியாது. ஏன் எரியவில்லை என்று பார்க்க நீங்கள் முதலில் கை வைக்கும் இடம் அந்த உடம்புதான்.

அதற்காக, சிவப்பு எர்த்தாகத்தான் இருக்கும் என்றும் முடிவுகட்ட வேண்டாம். இடையில் யாராவது சென்னையிலேயே வயரை மாற்றியிருக்கலாம். நம் ஊர் பழைய வழக்கத்தில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். இப்போது வாங்கும் வயர்கள் பலவற்றில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், மஞ்சளும் பச்சையும் கலந்தது எர்த். ஆகவே நிறத்தை விட்டுவிட்டு, வயர் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். ரிச்சி தெருவில் ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். என்லார்ஜர் மின் இணைப்பில் இல்லாதபோது, மீட்டரை ஒலி எழுப்பும் நிலைக்குத் திருப்பி, அதன் ஒரு முனையைப் பெயின்ட் இல்லாத ஒரு திருகின் மீது வைத்து, மறுமுனையால் மூன்று வயர்களையும் தொடுங்கள். எது ஒலி எழுப்புகிறதோ அதுதான் எர்த். எதுவுமே ஒலிக்கவில்லை என்றால் எர்த் எங்கோ அறுந்திருக்கிறது. ஒன்றுக்கு மேல் ஒலித்தால் உள்ளே வயர் உடம்பைத் தொடுகிறது. இரண்டில் எதுவானாலும் மேற்கொண்டு நீங்கள் கை வைக்க வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

பிளக்கை மட்டும் மாற்றினால் போதாது. துணிக்குள் இருப்பது ரப்பர். இத்தனை ஆண்டுகளில் அது அப்பளம்போல ஆகியிருக்கும், வளைத்தால் நொறுங்கும். வயர் முழுவதையும் மாற்றுங்கள். 150 வாட் பல்பு எடுப்பது ஒரு ஆம்பியருக்கும் குறைவுதான். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள 0.75 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் செப்பு வயர் தாராளமாகப் போதும். ஆனால் அந்த பி.வி.சி. வயரை விளக்குக் கூண்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. அங்கே அடிக்கும் சூட்டில் உருகிவிடும். கூண்டுக்குள் சிலிக்கான் உறையுள்ள வயர்தான் வேண்டும். பழைய வயரின் மேல் சாம்பல் கலந்த வெள்ளையில் பஞ்சு போன்ற உறை தென்பட்டால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். சுரண்டாதீர்கள், ஊதாதீர்கள். ஹோல்டர் திருகு மறை உள்ளதாக இருந்தால் ஃபேஸ் அடியிலுள்ள நடுப்புள்ளிக்குப் போக வேண்டும், நியூட்ரல் மறைக்கு. மாற்றிக் கொடுத்தாலும் விளக்கு எரியும், ஆனால் பல்பைக் கழற்றும்போது விரல் படும் இடத்தில் மின்சாரம் இருக்கும். ஸ்விட்சும் ஃபேஸில்தான் வர வேண்டும்.

பிளக் மூன்று பின் உள்ள 6 ஆம்பியராக இருக்கட்டும். எர்த் வயரை மற்ற இரண்டையும்விட விரற்கடை நீளமாக விடுங்கள். யாராவது வயரில் கால் தடுக்கி இழுத்தாலும் கடைசியாகக் கழல்வது எர்த்தாக இருக்க வேண்டும். வயரின் வெளி உறை பிளக்கின் பிடிக்குள் நன்றாக இறுகட்டும். செப்பு இழைகளை முறுக்கி அப்படியே திருகுக்கு அடியில் வையுங்கள். ஈயம் பற்றவைத்தால் அழுத்தத்தில் நாளடைவில் தளர்ந்து சூடேறும்.

நான் இத்தனை பிடிவாதமாக எர்த்தைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 1987-இல் அண்ணா சாலையில் ஒரு ஸ்டூடியோவில் பிரிண்டராக இருந்தேன். அங்கிருந்த என்லார்ஜருக்கு இரண்டு பின் பிளக்தான். இடது கையால் குழாயை மூடிக்கொண்டே வலது கையால் என்லார்ஜரின் தலையை ஏற்றினேன். கை ஒட்டிக்கொண்டது. கத்த நினைத்தும் குரல் வரவில்லை. கூட வேலை செய்தவர் ஓடிப்போய் மெயினை அணைத்தார். இருட்டறையில் கை எப்போதும் ஈரம், பக்கத்தில் எப்போதும் குழாய். எர்த் இல்லாத இரும்புக் கருவிக்கு அங்கே இடமில்லை.

உங்கள் வீட்டுச் சுவரையும் மறக்காதீர்கள். திருவல்லிக்கேணியின் பழைய வீடுகள் சிலவற்றில் மூன்று துளை இருக்கும், பின்னால் இரண்டு வயர்தான் வந்திருக்கும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்து அதைப் பார்க்கச் சொல்லுங்கள். மின்சாரம் கசிந்தால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் போடச் சொல்லுங்கள். மின்சாரம் கொடுப்பதற்கு முன் என்லார்ஜரை அவரிடமே 500 வோல்ட் மெக்கரில் (மின்கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் கருவி) சோதிக்கக் கொடுங்கள். வயருக்கும் உடம்புக்கும் இடையே ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அதைச் சுவரில் செருகவே வேண்டாம்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்த பழைய முள் டைமரை 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில் இணைத்தேன். மெதுவாக ஓடுகிறது. என்லார்ஜர் விளக்கும் மங்கல். பழுதா?
– கல்லூரி மாணவர், அடையாறு

பதில்: பழுதில்லை, தம்பி. அந்த மோட்டார் அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 60 முறை அலையும் மின்சாரத்துக்குச் செய்தது, நம்முடையது 50. டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. முள்ளை 10-இல் வைத்தால் உண்மையில் 12 நொடி ஓடும். டைமர் வழியாக என்லார்ஜருக்கும் 110 வோல்ட்தான் போகிறது, 230 வோல்ட் பல்பு அதில் மங்கத்தான் செய்யும். அதற்கேற்ற 120 வோல்ட் பல்பு போடலாம். என்னைக் கேட்டால், 230 வோல்ட் டைமர் ஒன்று வாங்கிவிடுங்கள். அமெரிக்க வயரில் கறுப்புதான் ஃபேஸ், வெள்ளை நியூட்ரல் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் இருட்டறை ஸ்விட்சைப் போட்டாலே ஆர்.சி.சி.பி. விழுகிறது. அதை எடுத்துவிட்டு நேராக இணைத்துவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன்.
– வாசகர், திருவான்மியூர்

பதில்: வேண்டாம், ஐயா. அது உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள், எந்தக் கருவியில் விழுகிறது என்று தெரிந்துவிடும். மேஜைக்கடியில் கால் ஸ்விட்ச் இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். மேலிருந்து சொட்டிய ஹைப்போ (படத்தை நிலைநிறுத்தும் ரசாயனக் கரைசல்) அதற்குள் உப்பாகக் காய்ந்திருக்கும், கடற்கரைக் காற்றின் ஈரம் பட்டதும் மின்சாரத்தைக் கடத்தும். அப்படியிருந்தால் துடைத்துக்கொண்டிராமல் புதிய ஸ்விட்ச் போடுங்கள். அதை ரசாயனத் தட்டு வைக்கும் பக்கத்திலிருந்து தள்ளி வையுங்கள்.