உண்ட வீட்டுக்கு ரெண்டகம்

கேள்வி: போலந்தில், வ்ரோட்ஸ்வாஃப் நகரில், ஒரு குடும்ப நிறுவனத்தில் 11 வருடமாக வேலை. பெரிய முதலாளி காலமானதும் மூத்த மகன் பொறுப்பேற்றார். தம்பிகளை ஒதுக்க வேண்டாம் என்றேன். அவர் மனைவிக்குப் பிடிக்காமல் என்னை ஓரங்கட்டிவிட்டார்கள். எனக்கு முன்பிருந்த மேலாளரை அனுப்பியபோது, அவரோடு நெருங்கிப் பழகி விவரம் எடுத்துக் கொடுத்ததே நான்தான். அவ்வளவு விசுவாசம்! அந்தக் காலத்தில் போலந்துக் கோமகனுக்கு அடுத்த பெரிய பதவியில் இருந்த, இந்த ஊர் பியோத்தர் வ்வொஸ்தோவிட்ஸ் கதைதான் என் கதை. தம்பிகள் பக்கம் போய்விடலாமா?

பதில்: தம்பி, பியோத்தர் கதையைப் பாதியிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள்.

1138இல் கோமகன் போலெஸ்வாஃப் இறந்தார், நாடு பிள்ளைகளுக்குப் பங்கானது, மூத்தவர் வ்வாதிஸ்வாஃப் முழுவதும் வேண்டுமென்றார். எதிர்த்து நின்ற பியோத்தரின் கண்ணைப் பறித்து நாக்கை அறுத்தார்கள். வ்வாதிஸ்வாஃபின் மனைவி ஆக்னெஸ் தூண்டினாள் என்று பழைய வரலாற்று ஏடுகள் பழியை அவள் தலையில் போடுகின்றன. (எந்த ஊரிலும் மருமகள்தான் அகப்படுவாள், உங்கள் கடிதத்திலும் அப்படியே.) 1146இல் தம்பிகள் அண்ணனை விரட்டிவிட்டுப் பியோத்தரைத் திரும்ப அழைத்தார்கள். கண் வரவில்லை.

முதல் பாதி? பெரியவர் போலெஸ்வாஃப் காலத்தில், 1122இல், கிழக்கே அண்டை நாடான ருத்தேனியாவின் இளவரசன் வொலோதாரிடம் போய், 'எனக்கும் என் கோமகனுக்கும் பகை' என்று நடித்தார் பியோத்தர். அந்த வீட்டுச் சோற்றைத் தின்றார். நம்பியவனையே தூக்கிக்கொண்டு வந்தார். அந்தப் பாவம் தீரத்தான் எழுபதுக்கு மேல் தேவாலயம் கட்டினார் என்று கதை. இத்தனைக்கும், அவருக்கு முன் அதே பதவியில் இருந்த ஸ்கார்பிமிர் கலகம் செய்து கண் பறிக்கப்பட்டவர். தெரிந்தேதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நீங்களும்தான்.

விசுவாசமாம்! அந்த மேலாளர் வீட்டில் சாப்பிட்டீர்களா? அவர் பிள்ளைகளின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? வேலை போனபின் அந்தக் குடும்பம் என்ன செய்தது என்று ஒரு நாளாவது கேட்டீர்களா? உங்களுக்கு வலித்த பிறகும் அது ஒரு வரியாக, அதுவும் பெருமையாக வருகிறதே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

தம்பிகள் பக்கம் போகாதீர்கள். உடன்பிறந்தவர்கள் இன்று அடித்துக்கொள்வார்கள், நாளை ஒரே இலையில் சாப்பிடுவார்கள். நடுவில் போனவன்தான் தெருவில் நிற்பான். கணக்கை முடித்துக்கொண்டு வேறு வேலை தேடுங்கள்.

அதற்கு முன் ஒரு காரியம். உங்கள் ஊர் மரிய மக்தலேனா தேவாலயத்தில், பியோத்தர் நிறுவிய மடத்திலிருந்து பெயர்த்து வந்த கல்வாசல் இருக்கிறது. அங்கே நின்று அந்த மேலாளருக்குப் போன் போடுங்கள். எடுக்காவிட்டால் மறுநாளும் போடுங்கள்.