கையிருப்பை எல்லாம் இயந்திரத்தில் போடலாமா? சிறுதொழில் தொடங்குபவரின் கேள்விக்கு ஒரு பதில்

கேள்வி: பல ஆண்டுகளாக ஓர் அச்சகத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு, சிறு உற்பத்தியாளர்களுக்கு அச்சிட்ட அட்டைப்பெட்டிகள் செய்து கொடுக்கும் தொழிலைத் தொடங்க எண்ணியிருக்கிறேன். சேமிப்பில் முக்கால் பங்கை இயந்திரத்துக்கும் இடத்துக்கும் செலவிட்டு, மீதியை அன்றாடச் செலவுக்கு வைத்துக்கொள்வதாகத் திட்டம். நண்பர் ஒருவர் சரிபாதிப் பங்குதாரராகச் சேர்கிறார். இரண்டு நிறுவனங்கள் ஆர்டர் தருவதாக வாய்மொழியாகச் சொல்லியிருக்கின்றன. சந்தை விலையைவிட 10 விழுக்காடு குறைத்துக் கொடுத்தால் மற்றவர்களும் வருவார்கள் என்று நினைக்கிறேன். தொடக்கத்தில் பலரும் செய்யும் தவறுகளில் நான் எவற்றைத் தவிர்க்க வேண்டும்?

பதில்: புதிய தொழில்களில் பத்தில் ஒன்பது முதல் ஆண்டிலேயே மூடப்பட்டுவிடும் என்று உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். அதைப் பொருட்படுத்த வேண்டாம். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அமைப்பு நெடுங்காலமாகத் திரட்டிவரும் கணக்கின்படி, புதிதாகத் தொடங்கப்படும் நிறுவனங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று முதல் ஆண்டிலும், ஏறத்தாழப் பாதி ஐந்து ஆண்டுகளுக்குள்ளும் மூடப்படுகின்றன. அதாவது, தொடங்கிய வேகத்தில் கவிழ்பவற்றைவிட, கொஞ்ச காலம் ஓடிய பிறகு மூச்சுத் திணறி நிற்பவையே அதிகம். உங்களுக்குத் தொழில் தெரியும் என்பதால் பெட்டியின் தரத்தில் நீங்கள் தவறப் போவதில்லை. உங்கள் திட்டத்தில் எனக்குக் கவலை தருவது அந்த முக்கால், கால் பிரிப்புதான்.

நீங்கள் செய்யப்போகும் வியாபாரத்தில் பணம் எப்படிப் போய் எப்படித் திரும்புகிறது என்று பாருங்கள். அட்டையை வாங்கி இருப்பு வைக்கிறீர்கள். அது சராசரியாக 15 நாள் கிடக்கும். அச்சடித்து, வெட்டி, ஒட்டி, கட்டி அனுப்ப 10 நாள். பில் போட்ட பிறகு வாடிக்கையாளர் 45 நாள் கெடு கேட்பார். ஆக, அட்டைக்குக் கொடுத்த பணம் உங்கள் கைக்குத் திரும்பி வர 70 நாளாகிறது. நன்கு பழகிய நிறுவனங்களுக்கு அட்டை வியாபாரி 20 நாள் கடன் கொடுப்பார். புதியவருக்குப் பெரும்பாலும் ரொக்கம்தான். உங்கள் மாதச் செலவு 3 லட்சம் என்று வைத்துக்கொண்டால், 70 நாளுக்கு 7 லட்சம் எப்போதும் வெளியே சிக்கிக் கிடக்கும். கூலியும் வாடகையும் முதல் நாளே செலவாவதில்லை என்பதால் உண்மைத் தொகை இதைவிடச் சற்றுக் குறையலாம். ஆனால் வாடிக்கையாளர் 45 நாளை 60 நாளாக்கினால் அந்தச் சலுகையும் போய்விடும்.

இதில் பலரும் எதிர்பாராத ஒன்று உண்டு. ஆர்டர் இரட்டிப்பானால் இந்தச் சிக்கிய தொகையும் இரட்டிப்பாகும். லாபம் வந்துகொண்டிருக்கும், கணக்குப் புத்தகம் அழகாக இருக்கும், சனிக்கிழமை கூலி கொடுக்கக் கையில் பணம் இருக்காது. தொழில் நன்றாகப் போகும்போதே நிறுவனங்கள் முடங்கிப்போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். லாபமும் ரொக்கமும் ஒன்று என்று எண்ணுவதையே தொடக்கக்காரர்களின் முதல் தவறு என்று சொல்வேன்; மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்து கிளைப்பவை. தாமதமாகப் பணம் கொடுப்பது பெரிய நிறுவனங்களிடம் எவ்வளவு ஊறிய பழக்கம் என்பதற்குச் சட்டங்களே சாட்சி: சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று இந்தியா 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுத வேண்டியிருந்தது; ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் நிறுவனங்களுக்கிடையிலான கெடுவுக்குப் பொதுவான வரம்பாக 60 நாளை வைத்தது. சட்டம் இருக்கிறதே என்று நம்பியிருக்கவும் வேண்டாம். ஒரே பெரிய வாடிக்கையாளரை நம்பியிருக்கும் சிறு நிறுவனம் அவர்மேல் தாமதத்துக்கு வட்டி கேட்டு மனுப் போடுவது அரிது.

ஆகவே பிரிப்பை மாற்றுங்கள். சேமிப்பில் பாதியையாவது நடைமுறை மூலதனமாக, அதாவது அட்டை வாங்கவும் கூலி, வாடகை கொடுக்கவும் சுழலும் பணமாக, இயந்திரத்துக்குத் தொடாமல் வையுங்கள். இயந்திரத்துக்குப் பணம் போதாதே என்பீர்கள். போதாமல் இருப்பது நல்லது. அது இயந்திரத்தைத் தள்ளிப்போட வைக்கும். அச்சகத்தில் இருப்பவருக்கு இது தெரியாததல்ல: அட்டையைப் பெட்டி வடிவத்துக்கு வெட்டும் டை கட்டிங் இயந்திரம் வைத்திருக்கும் பலரிடம் அது நாளில் சில மணி நேரம் சும்மா நிற்கிறது, அந்த நேரத்தை ஜாப் ஒர்க் கூலிக்குக் கொடுக்க அவர்கள் தயாராகவே இருப்பார்கள். முதல் ஆண்டு அச்சையும் வெட்டையும் வெளியே கொடுத்து, ஒட்டுவதையும் சரிபார்ப்பதையும் நீங்கள் வைத்துக்கொள்ளலாம். ஒரு பெட்டிக்கு லாபம் குறையும் என்பது உண்மைதான், ஆனால் ஆர்டர் வராத மாதத்தில் கூலியும் கொடுக்க வேண்டியதில்லை. சொந்த இயந்திரத்தின் தவணை, ஆபரேட்டர் சம்பளம், பராமரிப்பு, அது நிற்கும் இடத்தின் வாடகை ஆகியவற்றின் கூட்டுத்தொகையை, வெளியே கொடுக்கும் வெட்டுக் கூலி தொடர்ந்து சில மாதங்கள் தாண்டினால், அப்போது வாங்குங்கள். அப்போதும் பழைய இயந்திரம் ஒன்றை ஆள் வைத்து ஓட்டிப் பார்த்து வாங்குவது புதியதைவிட எனக்கு உவப்பானது.

அடுத்தது விலை. 10 விழுக்காடு குறைப்பது சிறு சலுகைபோலத் தோன்றுகிறது, ஆனால் கணக்கு வேறு விதமாகப் போகிறது. ஒரு பெட்டியின் விலை 100 என்றும், அட்டை, மை, பசை, கூலி, போக்குவரத்து என்று அதற்கே ஆகும் நேரடிச் செலவு 70 என்றும் வைத்துக்கொள்வோம். மீதம் 30. வாடகை, சம்பளம் போன்ற மாறாத செலவு மாதம் 60,000 என்றால், 2,000 பெட்டி விற்றால் கையைக் கடிக்காது. விலையை 90 ஆக்கினால் மீதம் 20 தான். அதே இடத்துக்கு வர 3,000 பெட்டி விற்க வேண்டும். 10 விழுக்காடு குறைப்புக்கு ஈடாக வேலை 50 விழுக்காடு கூடுகிறது. அந்தக் கூடுதல் வேலைக்கு அட்டை வாங்கவும் பணம் வேண்டும், அதுவும் 70 நாள் சிக்கிக் கிடக்கும். விலைக்காக மட்டும் உங்களிடம் வருபவர், இன்னொருவர் 2 விழுக்காடு குறைத்தால் அங்கே போய்விடுவார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சலுகையை வேறு இடத்தில் வையுங்கள். சிறு உற்பத்தியாளரின் உண்மையான தொல்லை, 500 பெட்டி மட்டும் வேண்டும் என்றால் பெரிய அச்சகங்கள் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது. அந்த 500 பெட்டியை நேரத்துக்குக் கொடுப்பவர் சற்றுக் கூடுதல் விலை கேட்கலாம். ஆனால் அதற்கும் சரியான அடக்கக் கணக்கு வேண்டும். வெட்டுவதற்கான டை (பெட்டியின் வடிவில் செய்த வெட்டு அச்சு) செய்ய 3,000 ரூபாய் ஆகிறது என்றால், 5,000 பெட்டி ஆர்டரில் அது பெட்டிக்கு 60 காசுதான். 500 பெட்டி ஆர்டரில் பெட்டிக்கு 6 ரூபாய் ஆகிவிடும். இயந்திரத்தில் டையைப் பொருத்தி அழுத்தத்தைச் சரிசெய்யும்போது வீணாகும் தாள்களும் அப்படியே: 500 பெட்டிக்கும் 5,000 பெட்டிக்கும் ஏறத்தாழ ஒரே அளவுதான் கழியும். ஆகவே டை செலவைத் தனியாக முதலிலேயே வாங்குங்கள், அல்லது சிறிய ஆர்டருக்கு விலைப்பட்டியலைத் தனியாக வையுங்கள். ஒரே சராசரி விலையை எல்லாருக்கும் சொன்னால், பெரிய ஆர்டர்காரர் விலை அதிகம் என்று போய்விடுவார், சிறிய ஆர்டர்காரர்கள் நட்டத்தைச் சுமத்திக்கொண்டு உங்களிடமே தங்குவார்கள். அடக்கத்தின்மேல் 30 விழுக்காடு வைத்தேன், ஆகவே லாபம் 30 விழுக்காடு என்று சொல்பவர்களையும் நிறையப் பார்க்கிறேன். 100-க்கு வாங்கி 130-க்கு விற்றால், விற்பனையில் லாபம் 23 விழுக்காடுதான்.

இந்த அடக்கத்தில் உங்கள் சம்பளமும் சேர வேண்டும். இப்போது அச்சகத்தில் வாங்குவதையே எழுதுங்கள். அதைச் சேர்த்தால் லாபமே வரவில்லை என்றால், தொழில் உங்களுக்குத் தரும் வருமானம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது உங்கள் உழைப்பின் கூலி மட்டும்தான்.

வாய்மொழி ஆர்டர்களைப் பற்றி: “நீங்கள் ஆரம்பித்தால் கண்டிப்பாக உங்களிடம்தான் வாங்குவோம்” என்று சொல்வதற்குச் சொல்பவருக்கு எந்தச் செலவும் இல்லை. வேலையை விடுவதற்கு முன்பே அந்த இரு நிறுவனங்களிடமும் ஒரு சிறிய ஆர்டரை எழுத்தில் கேளுங்கள், டை செலவை முன்பணமாகக் கேளுங்கள். கொடுத்தால் அது வாடிக்கை. தயங்கினால், எந்த இடத்தில் தயங்குகிறார்கள் என்பதைக் கவனியுங்கள், சந்தையைப் பற்றி அதைவிட நல்ல தகவல் காசு கொடுத்தாலும் கிடைக்காது. இவர்கள் நீங்கள் இப்போது வேலை பார்க்கும் அச்சகத்தின் வாடிக்கையாளர்களா என்பதை உங்கள் கடிதத்தில் சொல்லவில்லை. அப்படியென்றால் உங்கள் வேலை ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள், தேவையானால் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். தொடங்கிய மாதமே வழக்கு வேண்டாம்.

நண்பரைச் சேர்ப்பது தவறல்ல. எழுதாமல் சேர்ப்பதுதான் தவறு. பல நாடுகளின் சட்டப்படி, பங்குதாரர் நிறுவனத்தின் பேரில் ஒருவர் வாங்கும் கடனுக்கு மற்றவரின் சொந்தச் சொத்தும் பொறுப்பாகும். நண்பர் உங்களைக் கேட்காமல் ஒரு லாரி அட்டை கடனுக்கு எடுத்தாலும் வியாபாரி உங்கள் வீட்டுக் கதவைத் தட்டலாம். வரையறுத்த பொறுப்புள்ள கம்பெனியாகப் பதிவு செய்தால் கம்பெனி வேறு, நீங்கள் வேறு. காலணி செய்து விற்ற சாலமன் என்பவரின் வழக்கில் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை 1897-இல் இதை உறுதி செய்தது. ஆனால் வங்கிக் கடனுக்கு நீங்கள் தனிப்பட்ட உத்தரவாதக் கையெழுத்துப் போட்டால் அந்தக் கடனைப் பொறுத்தவரை அந்தப் பாதுகாப்பு போய்விடும், சிறு நிறுவனங்களிடம் வங்கிகள் பெரும்பாலும் அதைக் கேட்கவே செய்யும். சரிபாதியில் இன்னொரு சிக்கல், இருவர் கருத்தும் மாறுபட்டால் முடிவெடுக்க ஆளில்லை. யார் முழுநேரம் உழைப்பார், யார் பணம் மட்டும் போடுவார், மாதம் யார் எவ்வளவு எடுக்கலாம், ஒருவர் விலகினால் அவர் பங்குக்கு எப்படி மதிப்புப் போடுவது, எவ்வளவு காலத்தில் கொடுப்பது ஆகியவற்றை உறவு இனிமையாக இருக்கும் இப்போதே எழுதிக் கையெழுத்திடுங்கள். இதைப் பேசவே நண்பர் சங்கடப்பட்டால், அவரிடம் பங்குக்குப் பதில் கடனாக வாங்குவது இருவருக்கும் நல்லது.

வீட்டுக் கணக்கையும் தொழில் கணக்கையும் கலக்காமல் தனி வங்கிக் கணக்கு வைப்பது, பதிவுகளையும் உரிமங்களையும் முடிப்பது, தீ விபத்துக் காப்பீடு எடுப்பது (அட்டைக் கிடங்குக்கு இது கட்டாயம் என்றே கருதுங்கள்) ஆகியவை நீங்கள் எப்படியும் செய்வீர்கள் என்பதால் விரிவாகச் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: பில்லில் வாடிக்கையாளரிடம் வாங்கும் வரி உங்கள் பணமல்ல. பல நாடுகளில் பில் போட்ட நாளிலிருந்தே அந்த வரி அரசுக்குக் கடனாகிவிடும், வாடிக்கையாளர் உங்களுக்குப் பணம் தந்தாரா என்று அரசு பார்ப்பதில்லை. வரித்தொகையைத் தனிக் கணக்கில் ஒதுக்காமல் சுழற்சியில் விட்டவர்கள் கெடு நாளில்தான் விழிக்கிறார்கள்.

ஒரு தாளில் 13 வாரங்களுக்குக் கட்டம் போடுங்கள். ஒவ்வொரு வாரமும் உறுதியாக வரக்கூடிய வசூல் மேலே, கொடுத்தே ஆக வேண்டியவை கீழே, வார இறுதியில் மிஞ்சும் ரொக்கம் அடியில். வசூலை வாடிக்கையாளர் சொன்ன தேதியில் எழுதாமல் இரண்டு வாரம் தள்ளி எழுதுங்கள். அடிக் கட்டத்தில் எந்த வாரம் கழித்தல் குறி வருகிறதோ அந்த வாரத்துக்கான பணத்தை இன்றே தேட ஆரம்பிக்க வேண்டும். ஆறு வாரம் முன்னால் கேட்டால் வங்கியோ அட்டை வியாபாரியோ பேசுவார்கள், முந்தின நாள் கேட்டால் வட்டிக்காரர்தான் பேசுவார். வாரம் ஒருமுறை இதைத் திருத்துங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, நீண்ட குத்தகையில் கையெழுத்திடாமல், முன்னறிவிப்புக் கொடுத்துக் காலி செய்யும் உரிமையுள்ள ஒப்பந்தமாகக் கேளுங்கள். வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. சேமிப்பில் எவ்வளவு போனால் நிறுத்திவிட்டு வேலைக்குத் திரும்புவீர்கள் என்ற தொகையை இப்போதே நிச்சயித்து, குடும்பத்தாரிடமும் நண்பரிடமும் சொல்லிவிடுங்கள். அந்தத் தொகைக்குள் குத்தகை மீதம், வேலையாட்களுக்குத் தர வேண்டியது, அட்டை வியாபாரியின் பாக்கி ஆகிய மூன்றையும் அடைக்கும் அளவு சேர்ந்திருக்க வேண்டும்.