இரண்டு பார்ட் டைம் வேலைக்கும் பிரசவ விடுப்புக் காசு உண்டு

வணக்கங்க. வாஷிங்டன் மாநிலத்தில் மளிகைக் கடையில் வாரம் 12 மணி நேரம், குழந்தைகள் காப்பகத்தில் 8 மணி நேரம் வேலை பார்க்கும் உங்கள் மனைவியிடம், "பார்ட் டைமுக்கு விடுப்புக் காசு கிடையாது" என்று மேனேஜர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அவர் சொன்னது தவறு, அதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

இந்தக் காசைத் தருவது மாநில அரசு. அது பார்ப்பது, ஏறக்குறைய ஒரு வருடத்தில் 820 மணி நேரம் வேலை பார்த்திருக்கிறாரா என்பதைத்தான். இரண்டு இடத்து மணிகளையும் கூட்டிக்கொள்ளலாம். வாரம் 20 மணி என்றால் வருடத்தில் ஆயிரத்தைத் தாண்டிவிடும். சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள், இந்த விடுப்புக்கென்று சின்னதாக ஒரு பிடித்தம் இருக்கும். என் மனைவியின் சீட்டில் கடைசி வரியில் இருந்தது, நாங்களும் வெகுநாள் கவனிக்கவில்லை.

பிரசவமும் குழந்தை கவனிப்பும் சேர்த்து 16 வாரம் வரை, சிக்கலானால் 18. உங்களுக்கும் மணிக்கணக்கு இருந்தால் தனியாக 12 வாரம் உண்டு. முப்பது நாள் முன்பே இரண்டு இடத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள், வாய்வார்த்தை வேண்டாம். விண்ணப்பம் மாநில வேலைவாய்ப்புத் துறைக்கு.

இந்த உரிமை சும்மா வரவில்லைங்க. 2007-இலேயே ஒரு சட்டம் போட்டு, பணம் ஒதுக்காமல் கிடப்பில் போட்டார்கள். சியாட்டிலில் இருக்கும் எகனாமிக் ஆப்பர்ச்சூனிட்டி இன்ஸ்டிட்யூட் என்ற லாபநோக்கற்ற ஆய்வு நிறுவனம் விடாமல் கணக்குப் போட்டுக் காட்டி வாதாடியது. 2017-இல் புதுச் சட்டம் வந்தது, 2020 ஜனவரியில்தான் காசு கைக்கு வந்தது. பார்ட் டைம்காரர்களையும் நினைத்துப் போட்ட சட்டம் இது. இன்றே சீட்டுகளைத் தேடி எடுத்து வையுங்கள்.